கரண்ட் போன கணினியும் காத்திருந்த சர்வரும்

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்தால் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது சாதாரணம். நான் பார்த்துக்கொள்ளும் தேயிலைத் தொழிற்சாலையில் சர்வருக்கு யூபிஎஸ் உண்டு; ஊர்களில் பச்சை இலை எடை போடும் கணினிகளுக்குக் கிடையாது. ஒரு நாள் மாலை ஓர் ஊரில் கரண்ட் போனதும், மற்ற ஊர்களிலும் பதிவு நின்றுவிட்டது. மூட்டையோடு வரிசையில் நின்ற அக்கா, "கரண்ட் போனது அங்க, இங்க ஏன் தம்பி நிக்குது?" என்றார். நியாயமான கேள்வி.

புரோகிராம் மட்டும் செத்தால், ஆப்பரேட்டிங் சிஸ்டம் இணைப்பை மூடி சர்வருக்குச் சொல்லிவிடும். கரண்டே போனால் சொல்ல ஆளில்லை. எங்கள் புரோகிராம் ஒவ்வோர் எடையையும் அன்றைய மொத்தம் என்ற ஒரே வரியில் கூட்டும். கமிட் ஆகுமுன், அதாவது பதிவு நிரந்தரமாகுமுன், செத்த இணைப்பு அந்த வரியைப் பூட்டி வைத்திருந்தது. மற்ற எல்லோரும் அதன் பின்னால் நின்றார்கள்.

இந்த நிலையில் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். சர்வரில் ஓடும் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால், எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பாருங்கள். 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்று, அதாவது வேலையைத் தொடங்கி முடிக்காமல், வெகுநேரமாக நிற்பதுதான் சந்தேகத்துக்குரியது. காத்திருக்கும் இணைப்பின் எண்ணை பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தால், யார் தடுக்கிறார் என்று சொல்லும். ஐபி முகவரி எந்த ஊருடையது என்று பார்த்து, அங்கே ஒரு போன் போட்டு உறுதி செய்துகொண்டு, அந்த இணைப்பை மட்டும் அறுக்கும் பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட் கொடுங்கள். சர்வரின் லினக்ஸில் போய், வலுக்கட்டாயமாக நிறுத்தும் 'கில் -9' அடிக்கவே வேண்டாம். ஒரு இணைப்பை அப்படிக் கொன்றால் போஸ்ட்கிரெஸ் எல்லா இணைப்புகளையும் அறுத்து மீட்சி வேலையில் இறங்கிவிடும்.

சரி, மறுபடி வராமல் இருக்க? லினக்ஸ் வழக்கப்படி, சும்மா கிடக்கும் இணைப்பை 7200 விநாடி கழித்துத்தான் முதலில் தட்டிப் பார்க்கும். பிறகு 75 விநாடிக்கு ஒரு முறை, 9 தடவை. ஆக, இணைப்பு செத்தது தெரிய 2 மணி 11 நிமிடம். பறித்த இலை அவ்வளவு நேரம் மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிக் கெடும். இப்படித் தட்டிப் பார்ப்பதுதான் கீப்அலைவ். நான் போஸ்ட்கிரெஸ் அமைப்பில் டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடில் 60, இன்டர்வல் 10, கவுண்ட் 6 என்று வைத்தேன். இரண்டே நிமிடத்தில் சர்வருக்குத் தெரிந்துவிடும். அமைப்பை ரீலோட் செய்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம்.

கணினி உயிரோடு இருந்து புரோகிராம் மட்டும் உறைந்துபோனால் கீப்அலைவ் உதவாது. அதற்கு, கமிட் ஆகாமல் சும்மா நிற்கும் இணைப்பை அறுக்கும் ஐடில்_இன்_டிரான்ஸாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட், 9.6 பதிப்பு முதல் இருக்கிறது. எடை போடும் யூசருக்கு மட்டும் ஒரு நிமிடம் வைத்தேன். கணக்குப் பிரிவுக்கு வைக்கவில்லை, அவர்கள் வேலை வேறு.

இணைப்பு அறுந்ததும் கமிட் ஆகாத எடை ரத்தாகிவிடும். சில சமயம் கமிட் ஆகி, பதில் மட்டும் வந்து சேராமல் போயிருக்கும். அதனால் ஒவ்வோர் எடைச் சீட்டுக்கும் தனி எண் கொடுத்து, டேபிளில் அந்த எண்ணை யூனிக் ஆக்குங்கள், அதாவது ஒரு முறைக்கு மேல் வராதபடி. அப்புறம் மறுபடி பதிந்தாலும் இரட்டிக்காது. அன்று மாலை ரத்தானது 38 கிலோ. எடை போட்ட தம்பி நோட்டில் எழுதி வைத்திருந்ததால், அந்த விவசாயிக்கு ஒரு கிலோகூடக் குறையவில்லை.