ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன்ல தங்கப் போறவங்க பண்ற தப்புகள்

அமெரிக்காவுல இருக்கற எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போறோம், ரூம் போட்டாச்சுன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்கறது "எந்த ரூம்"னுதான், பாதிப் பேர் "ஓல்ட் ஃபெய்த்ஃபுல்"னு சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. முதல் தப்பே அங்கதான். ஓல்ட் ஃபெய்த்ஃபுல்ங்கறது அங்க அப்பப்போ பொங்கி எழற வெந்நீர் ஊத்து, அதாவது கீசர்; அந்தப் பேர்ல தங்கறதுக்கு பக்கத்து பக்கத்துல மூணு இடம் இருக்கு, இன், லாட்ஜ், ஸ்னோ லாட்ஜ்னு. 1904ல திறந்த, முழு முழு மரத்தை அடுக்கிக் கட்டின அந்தப் பழைய கட்டடம் இன் மட்டும்தான். லாட்ஜ்னா தனித்தனி கேபின், ஸ்னோ லாட்ஜ் 1999ல வந்தது. போட்டோ பார்த்து ஆசைப்பட்டது ஒண்ணு, கைக்கு வந்த சாவி வேற ஒண்ணுன்னா கடுப்பாகும்ல. இன்னும் சிலர் வெஸ்ட் எல்லோஸ்டோன்னு பேரைப் பார்த்து பார்க்குக்கு உள்ளன்னு நினைச்சுப்பாங்க, அது கேட்டுக்கு வெளிய மொன்டானா மாநிலத்துல இருக்கற ஊரு, அங்கேர்ந்து 30 மைல் வரணும், நடுவுல காட்டெருமைக் கூட்டம் ரோட்டை மறிச்சா எப்ப வந்து சேருவீங்கன்னு எருமைக்குத்தான் தெரியும்.

சரி, இன்லயே ரூம் கிடைச்சிடுச்சு. இப்ப அடுத்த சண்டை பாத்ரூம். பழைய பகுதியில சில ரூமுக்கு பாத்ரூம் வராந்தாவுல பொதுவாத்தான் இருக்கும், புக் பண்றப்போவே எழுதியிருக்கும், யாரும் படிக்கறதில்ல. எங்க அத்தை "இவ்ளோ காசு குடுத்துட்டு தோள்ல டவலோட வரிசையில நிக்கணுமா"ன்னு ராத்திரி பூரா கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம், ஏன்னா முன்னாடியே சொல்லாதது என் தப்பு. ஏசி, டிவி கிடையாது. வயசானவங்களோ குழந்தைகளோ கூட வந்தா 1913, 1927 வாக்குல சேர்த்த பக்கத்துப் பகுதிகள்ல பாத்ரூமோட ரூம் கேளுங்க, தனியா போனா நான் பழைய பகுதிதான் சொல்வேன், உருட்டுமரச் சுவருக்கு நடுவுல தூங்கறதுக்குத்தானே இவ்ளோ தூரம் வர்றோம்.

துணி விஷயத்துல நான் பட்டது. இடம் 7,300 அடி, கிட்டத்தட்ட ஊட்டி உயரம்தான், அதனால ஊட்டிக் குளிருன்னு நினைச்சு மே கடைசில ஒரே ஒரு மெல்லிசு ஜாக்கெட்டோட போயிட்டேன். காலையில பார்த்தா கார் கண்ணாடி முழுக்க பனி, சுரண்ட ஒண்ணும் இல்லாம லைப்ரரி கார்டை வச்சு சுரண்டினேன், அது ரெண்டா உடைஞ்சது தனிக்கதை. ஜூன்ல கூட பனி விழும். இன் திறந்திருக்கறது மே முதல் அக்டோபர் வரைக்கும்தான், குளிர்காலத்துல போகணும்னா ஸ்னோ லாட்ஜ்தான். ரூம் ஒரு வருஷம் முன்னாடியே தீர்ந்துடும், ஆனா கேன்சல் ஆகி திரும்ப வந்துட்டே இருக்கும், தினமும் போய்ப் பாருங்க, ஒரு தடவை இல்லைன்னதும் விட்டுடாதீங்க.

ஆனா இதையெல்லாம் விட எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, மத்தியானம் வந்து, கீசர் பொங்கினதும் வீடியோ எடுத்துட்டு (பாத்ரூம்ல மாட்டற கீசருக்குப் பேர் வந்ததே இந்த வகை ஊத்துலேர்ந்துதான்), ஐஸ்க்ரீம் வாங்கிட்டு, கட்டடத்துக்குள்ள தலையை மட்டும் நீட்டிட்டு கிளம்பறவங்க. லாபி உசரம் 76 அடி. ராபர்ட் ரீமர்னு முப்பது வயசு ஆர்க்கிடெக்ட் பண்ணது, கோணல்மாணலா வளர்ந்த கிளைகளா தேடி எடுத்து அப்படியே கைப்பிடியாவும் முட்டுக்கட்டையாவும் வச்சிருக்கார், ஒரு கிளையைத் தடவிப் பாருங்க, முழங்கை மாதிரி வளைஞ்சு வழவழன்னு இருக்கும். நடுவுல 500 டன் கல்லுல அடுப்பு. உச்சியில மரத்துல ஒரு மேடை தெரியும், 1959 நிலநடுக்கத்துக்கு அப்புறம் பொதுவா யாரையும் ஏத்தறதில்ல. 1988ல காட்டுத்தீ வாசல் வரைக்கும் வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம்தான் கூரையில தண்ணி தெளிக்கற அமைப்பு வச்சிருந்தாங்க, பிழைச்சது. கிராண்ட் கேன்யன் நார்த் ரிம் லாட்ஜுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, 2025 ஜூலைல எரிஞ்சே போச்சு, 1932ல ஒரு தடவை எரிஞ்சு 1937ல திரும்பக் கட்டினது அது. அதனால ரைஸ் குக்கரை பையில ஒளிச்சு எடுத்துட்டு வர்றவங்களே, நூறு வருஷத்து மரத்துக்குள்ள வேணாம், புளியோதரை கட்டிட்டு வாங்க. அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சுடும், சாதமும் லேசுல வேகாது.

ஒரே ட்ரிப்ல மொன்டானாவோட வடக்குல இருக்கற கிளேசியர் தேசியப் பூங்காவுக்கும் போயிடலாம்னு கூகுள் மேப்ல ரெண்டு விரலால அளக்காதீங்க, 400 மைல் சுமாருக்கு, ஒரு நாள் முழுக்க ஓட்டணும். அங்க 1915ல ரயில்வேக்காரங்க கட்டின மெனி கிளேசியர் ஹோட்டல், ஏரிக்கரையில, அருமை, ஆனா மலை மேல போற ரோடு முழுசா திறக்கவே ஜூன் கடைசி, ஜூலை ஆயிடும், மே லீவுல போய் கேட்டைப் பார்த்துட்டு வந்தவங்க எனக்கே தெரியும்.

போன் சிக்னலை நம்பாதீங்க, மேப் டவுன்லோட் பண்ணிடுங்க. காட்டெருமைகிட்ட 25 கஜம், கரடி, ஓநாய்கிட்ட 100 கஜம் தள்ளி நில்லுங்க, எருமை மந்தமா இருக்கறா மாதிரி இருக்கும், மணிக்கு 35 மைல் ஓடும். வெந்நீர்க் குளங்கள் பக்கம் பலகைப் பாதையை விட்டு ஒரு அடி கூட இறங்க வேணாம், மண்ணு மாதிரி தெரியறது வெறும் மெல்லிய ஓடு.

தங்கற ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் தூங்கப் போயிடாதீங்க. பஸ் கூட்டம் போயிருக்கும். கீசர் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பொங்கும், அடுத்தது எப்பன்னு லாபியில எழுதியிருப்பாங்க, பத்து நிமிஷம் முன்னபின்ன ஆகும். மாடி பால்கனியில பெஞ்சு இருக்கு, ரூம் போர்வையைச் சுத்திக்கிட்டு போய் உக்காருங்க, இருட்டுல முதல்ல சத்தம்தான் வரும்.