சாயத் தண்ணீர் பாக்டீரியாவைக் கொல்கிறதா? மூச்சை அளந்து பாருங்கள்

சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏரேஷன் டேங்க்கில் (காற்றூட்டும் தொட்டி) பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் தேட வேண்டாம். உயிர் இருந்தால் ஆக்ஸிஜன் குடிக்கும். விஷம் பட்டால் அந்த வேகம் குறையும். ஓஇசிடி 209 என்ற சர்வதேச சோதனை முறையின் அடிப்படை இவ்வளவுதான். தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் டி.ஓ. மீட்டரும் மீன்தொட்டி ஏர் பம்பும் இருந்தால் கை பழகிக்கொள்ளலாம்.

1. ஏரேஷன் டேங்க்கில் அன்றைக்கே எடுத்த ஸ்லட்ஜை (பாக்டீரியா நிறைந்த சேறு) தெளியவிட்டு, மேல்தண்ணீரை இறுத்து, குளோரின் இல்லாத தண்ணீரில் கழுவுங்கள். லிட்டருக்கு 3 கிராம் திடப்பொருள் இருக்கும்படி கரையுங்கள்.

2. சாயத் தண்ணீரின் பி.எச்.சை 7.5 அருகே கொண்டுவாருங்கள். காரத்தோடு அப்படியே ஊற்றினால், கொன்றது சாயமா காரமா என்று சொல்ல முடியாது.

3. ஒவ்வொரு ஜாடியிலும் 250 மில்லி ஸ்லட்ஜ், பெப்டோன், இறைச்சிச் சாறு, யூரியா, உப்புகள் கலந்த தீவனக் கரைசல் 16 மில்லி. பிறகு சாயத் தண்ணீர் 25, 50, 100, 200 மில்லி என ஏற்றிக்கொண்டே போய், தண்ணீர் சேர்த்து மொத்தம் 500 மில்லியாக்குங்கள். ஒரு ஜாடியில் சாயத் தண்ணீரே வேண்டாம்; அதுதான் கன்ட்ரோல். இன்னொன்றில் சாயத் தண்ணீர் இருக்கட்டும், ஸ்லட்ஜ் வேண்டாம். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

4. 20 டிகிரியில் 3 மணி நேரம் காற்று. ஜாடிகளை 15 நிமிட இடைவெளியில் தொடங்குங்கள். இல்லையென்றால் கடைசியில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

5. பி.ஓ.டி. பாட்டிலில் (காற்றுப் புகாமல் மூடும் கண்ணாடி பாட்டில்) குமிழி இல்லாமல் நிரப்பி, மீட்டரின் புரோபைச் செருகி, கலக்கிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். ஆக்ஸிஜன் லிட்டருக்கு 6.5 மில்லிகிராமிலிருந்து 2.5க்கு இறங்க 6 நிமிடம் ஆனால், மணிக்கு லிட்டருக்கு 40 மில்லிகிராம். கன்ட்ரோலிலேயே 30க்குக் கீழே வந்தால் ஸ்லட்ஜ் சோர்ந்திருக்கிறது; அன்றைய சோதனையை விட்டுவிடுங்கள்.

ஸ்லட்ஜின் உணர்திறனைச் சரிபார்க்க 3,5-டைகுளோரோபீனால் வைத்து ஒரு வரிசை ஓட்டுவார்கள். மூச்சைப் பாதியாக்கும் அளவு லிட்டருக்கு 2 முதல் 25 மில்லிகிராமுக்குள் வர வேண்டும். நஞ்சு அது, கையுறை கட்டாயம்.

இனி அந்த ஸ்லட்ஜ் இல்லாத ஜாடி. தொடக்கத்தில் அதை வெட்டிவேலை என்று விட்டுவிட்டேன். ஒரு சாயப்பட்டறைத் தண்ணீரில் மூச்சு கிட்டத்தட்ட கன்ட்ரோல் அளவுக்கே வந்தது. 'விஷமில்லை' என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். உண்மையில் ஆக்ஸிஜனைத் தின்றது சாயமிடும்போது சேர்த்து மிச்சமிருந்த ஹைட்ரோஸ் (சோடியம் டைதயோனைட்). அது பாக்டீரியா இல்லாமலே ஆக்ஸிஜனை இழுக்கும். கன்ட்ரோல் 40, சாம்பிள் 38 என்றால் நிம்மதியாக இருக்கும். ஸ்லட்ஜ் இல்லாத ஜாடி 18 காட்டினால் பாக்டீரியாவின் பங்கு 20தான். பாதி மூச்சு போயிருக்கிறது.