தென் அமெரிக்காவை வேலூர்க் கணக்கில் படிப்பது எப்படி

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களும் சரி, வீட்டில் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லித் தருபவர்களும் சரி, கண்டம் என்றாலே நாடு, தலைநகர், மக்கள்தொகை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படிப் படித்தால் பரீட்சை முடிந்த மறுவாரமே மறந்துபோகும். தென் அமெரிக்காவிலிருந்து தொடங்குங்கள், மொத்தமே 12 நாடுகள்தான்.

ஸ்டேஷனரி கடையில் அவுட்லைன் மேப் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பிரேசிலுக்கு வண்ணம் தீட்டுங்கள். கண்டத்தின் பரப்பில் கிட்டத்தட்டப் பாதி அது, மக்கள்தொகையிலும் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. சிலியையும் ஈக்வடாரையும் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் பிரேசிலோடு எல்லை உண்டு, அதனால் அந்த இரண்டை மட்டும் வட்டம் போட்டால் போதும். கடற்கரை இல்லாதவை பொலிவியா, பராகுவே. பிரெஞ்சு கயானாவைத் தனி நாடாக எண்ணிவிடாதீர்கள், அது பிரான்சைச் சேர்ந்தது.

அடுத்து மக்கள்தொகை. இதற்கு நம்ம ஊரையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி பழைய வேலூர் மாவட்டத்தில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றிலுமாக, 39 லட்சம் பேர். உருகுவே நாடு முழுக்கவே சுமார் 35 லட்சம் பேர்தான். ஆனால் நம்ம மூன்று மாவட்டமும் சேர்ந்து 6,000 சதுர கிலோமீட்டர் சொச்சம், உருகுவேயோ 1.76 லட்சம், தமிழ்நாட்டையே விடப் பெரியது. நீங்களே வகுத்துப் பாருங்கள்: சதுர கிலோமீட்டருக்கு இங்கே 650 பேர் அளவில், அங்கே 20. ஒரு தடவை இப்படிக் கணக்குப் போட்டுவிட்டால் மக்கள் அடர்த்தி என்பது மனதில் பதிந்துவிடும்.

இனி முக்கியமான வேலை, ஆட்கள் ஏன் அங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்பது. மே மாத வெயில் தாங்காமல் நம் ஆட்கள் ஏலகிரி ஏறுகிறார்கள் இல்லையா, ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஆண்டிஸ் மலையில் பெரிய நகரங்களே மேலே இருப்பதற்கு அந்தக் குளிர்ச்சி ஒரு பெரிய காரணம்: கொலம்பியாவின் போகோட்டா 2,600 மீட்டர், ஈக்வடாரின் கீட்டோ 2,850, பொலிவியாவின் லா பாஸ் ஏறத்தாழ 3,600, அதாவது ஏலகிரியைப் போல மூன்று மடங்கு உயரம். மலைக்குக் கிழக்கே அட்லாண்டிக் காற்று கொண்டுவரும் ஈரம் மழையாகக் கொட்டி அமேசான் காடாகிறது, மேற்கே மலை மறைப்பதாலும் கடலில் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தாலும் அட்டகாமா பாலைவனம் காய்ந்து கிடக்கிறது. பெருவின் தலைநகர் லிமாவும் பாலைவனக் கரையில்தான் இருக்கிறது, மலையிலிருந்து இறங்கும் ரிமாக் ஆறுதான் அதற்குத் தண்ணீர் தருகிறது.

பிரேசிலில் கூட்டம் கிழக்குக் கடற்கரைப் பக்கம். ஆட்களை உள்ளே இழுக்கத்தான் 1960ல் தலைநகரை பிரேசிலியாவுக்கு மாற்றினார்கள்.

அப்புறம் புது மேப் ஒன்றை எடுத்து மலை, ஆறு, பாலைவனம் மூன்றை மட்டும் வரைந்து, எங்கே கூட்டம் இருக்கும் என்று ஊகித்துப் புள்ளி வையுங்கள், அதற்குப் பிறகுதான் அட்லஸைத் திறக்க வேண்டும். தவறிய ஊர்களுக்கு மட்டும் காரணம் தேடுங்கள். முக்கால்வாசிப் பேர் மனௌஸைத் தவற விடுவார்கள். அமேசான் காட்டின் நடுவே 20 லட்சம் பேர் வாழும் நகரம் அது, ரப்பர் வியாபாரத்தில் வளர்ந்து, 1967ல் வரிச்சலுகை மண்டலம் வந்தபின் தொழிற்சாலைகளால் பெருத்தது.