மூன்றடித் தொட்டிக்கு மீன் தெரிவு: முதலில் கிணற்றைப் பாருங்கள்

எந்த மீனை எதோடு சேர்த்து விடலாம் என்று அலங்கார மீன் கடையில் கேட்டால், எது சண்டைக்காரன், எது சாது என்றுதான் சொல்வார்கள். அது தேவைதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. வீட்டில் வருவது எந்தத் தண்ணீர் என்பதுதான் முதலாவது. மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் தோண்டிய கிணற்றில் பொதுவாக வன்னீர் (சுண்ணாம்பு போன்ற கனிமம் மிகுந்த தண்ணீர்) வரும், கோடையில் லேசாக உவர்க்கவும் செய்யும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வரும் வீட்டில் நிலைமை வேறு. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மீன் ஒரு வீட்டில் குட்டி போடுவதும், அடுத்த தெருவில் பத்து நாளில் சாவதும் பெரும்பாலும் இதனால்தான்.

வன்னீரா என்று பார்க்கக் கருவி வேண்டியதில்லை. சவர்க்காரம் நுரைக்கச் சிரமப்படுகிறதா, கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் வன்னீர். பீஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) பார்க்கும் பட்டி கிடைத்தால் வாங்கி, தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு அளவிடுங்கள். கிணற்றிலிருந்து அள்ளியவுடன் பார்த்தால் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டால் அளவு குறைத்துக் காட்டும்.

அடுத்தது தொட்டிக் கணக்கு. 3 அடி நீளம், 1¼ அடி அகலம், 1½ அடி உயரம் என்றால் கண்ணாடிக்குள் 159 லீற்றர். மேலே இரண்டு அங்குலம் வெறுமையாக விட்டு, கீழே இரண்டு அங்குலம் மணல் போட்டால் உண்மையில் நிற்பது 125 லீற்றர் அளவு. ஒன்றரை லீற்றருக்கு ஒரு சென்டிமீற்றர் மீன் என்று வையுங்கள். கடையில் இருக்கும் குஞ்சின் நீளத்தை விட்டுவிட்டு, வளர்ந்து முடிந்த நீளத்தை வாலைச் சேர்க்காமல் கணக்கில் எடுங்கள். அப்படிப் பார்த்தால் எல்லாமாக 80 சென்டிமீற்றர். சின்ன மீனுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். 30 சென்டிமீற்றர் ஒஸ்கார் ஒன்று போடும் கழிவுக்கு முப்பது கப்பி ஈடாகாது.

நம்முடைய வெயிலுக்கு அந்த 80க்கு மேல் போகவே கூடாது. இரண்டு காரணம். 25 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் 8.3 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் கரையும், 30 பாகையில் 7.6 மட்டுமே. அதே சூட்டில் மீனுக்கு மூச்சும் கூடுதலாக வேண்டும். மற்றது மீனின் கழிவில் வரும் அமோனியா. பீஎச் 7 இல் பெரிதாகத் தாக்காத அதே அளவு கழிவு, பீஎச் 8 உள்ள கிணற்றுத் தண்ணீரில் ஏறத்தாழப் பத்து மடங்கு நஞ்சாகிறது. ஆகவே வன்னீர்த் தொட்டியில் மீனைக் கூட்டிப் போட்டால் மென்னீர்த் தொட்டியை விட வேகமாகக் கெட்டுப்போகும்.

கிணற்று வன்னீர் வீட்டுக்கு

மொலி, பிளட்டி, சோர்ட் டெயில், கப்பி ஆகிய குட்டி போடும் மீன்கள் இந்தத் தண்ணீருக்கென்றே படைத்தவை போல. மொலி லேசான உவரையும் பொருட்படுத்தாது. முதல் தடவை வைப்பவருக்கு நாங்கள் சொல்லும் கூட்டு இது: மொலி ஒரு ஆண், இரண்டு பெண் (24 சென்டிமீற்றர்), பிளட்டி இரண்டு ஆண், நான்கு பெண் (30), பாசி தின்னும் பிரிஸ்ல்நோஸ் ஒன்று (12). மொத்தம் 66. மிச்சம் 14 ஐயும் நிரப்ப ஆசைப்படாதீர்கள், அந்த இடத்தைக் குட்டிகள் நிரப்பும். பிளட்டி ஏறத்தாழ 28 நாளுக்கு ஒருமுறை போடும். பெண் மட்டும் வாங்கினால் தப்பலாம் என்றும் இல்லை. கடையில் ஆணோடு இருந்த பெண், விந்தைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் குட்டி போடும். குட்டியே வேண்டாம் என்றால் ஆண் கப்பி பத்துப் பன்னிரண்டு மட்டும் விடுங்கள், பார்க்கவும் அதுதான் அழகு. ஆணும் பெண்ணும் சரிபாதியாக வைப்பதுதான் பிழை. ஆண்கள் ஓயாமல் துரத்தி, பெண் மூலையில் ஒதுங்கி இளைத்துச் சாகும்.

கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் பொயிஸ்மனி ரெயின்போ ஆறு. மேற்குப் பப்புவா ஏரிகளின் மீன் இது. காரத் தண்ணீரும் 27 முதல் 30 பாகைச் சூடும் அதற்குப் பழக்கம், கிழக்குக் கரைக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. கடையில் சாம்பல் நிறமாக நிற்பதைக் கண்டு பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான்கைந்து மாதத்தில் ஆணின் முன்பாதி நீலமும் பின்பாதி செம்மஞ்சளுமாக மாறும். பாய்ந்து பழகிய மீன், ஆகவே மூடி கட்டாயம்.

குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு

மென்மையான தண்ணீரென்றால் ஹனி கௌராமி மூன்று (15), ஹார்லெகுவின் ரஸ்போரா எட்டு (32), அடியில் மேயும் சின்னக் கெளிறான ஸ்டெர்பாய் கோரி ஐந்து (30). மேல், நடு, அடி என்று மூன்று தட்டையும் பிரித்துக்கொள்வதால் முட்டிக்கொள்ளாது. கோரியில் ஸ்டெர்பாயைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலிவாகக் கிடைக்கும் புரோன்ஸ் கோரி 26 பாகைக்கு மேல் வாடும், ஸ்டெர்பாய் 28 வரை தாங்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் துளிகளைப் போத்தலில் சொன்ன அளவில் விடுங்கள். இல்லாவிட்டால் காற்றுக்கல் ஓடவிட்டு 24 மணி நேரம் வையுங்கள். கிணற்றுக்காரருக்கும் ஒரு பொறி இருக்கிறது. மாரி வெள்ளம் வடிந்ததும் கிணறுகளுக்குக் குளோரின் போடுவார்கள். அந்தக் கிணற்றை இறைத்து, மணம் முழுதாகப் போகும்வரை தொட்டிக்கு ஒரு வாளிகூட எடுக்காதீர்கள்.

வாங்கக் கூடாதவை

நியோன் டெட்ரா வேண்டாம். 21 முதல் 25 பாகை மீனை ஓகஸ்ட் மாதத்தில் 31 பாகையில் வைத்தால் மெதுவாக அவிகிறது. கோல்ட் பிஷ்ஷும் குளிர் விரும்பி, அதோடு கழிவும் மிக அதிகம், மற்ற மீன்களோடு சேர்க்கவே வேண்டாம். செரி பார்ப் நம் இலங்கைக்கே உரியதுதான், ஆனால் தென்மேற்கின் நிழலான ஓடைகளில் பிறந்தது. நம் மீன்தானே என்று உவர்க் கிணற்றில் விட்டால் நிறம் வெளுத்துவிடும்.

‘ஷார்க்’ என்று மூன்றங்குலத்தில் விற்கும் வெள்ளிநிற மீன் ஒரு மீற்றரைத் தாண்டும் கெளிறு இனம். ஜயன்ட் கௌராமி அரை மீற்றர் வரும். ‘டேங்க் கிளீனர்’ என்று எல்லாரும் வாங்கும் சக்கர் மீனும் 40 சென்டிமீற்றர் தாண்டும். பாசியைத் தின்பது குஞ்சாக இருக்கும்போதுதான், வளர்ந்தபின் அது துப்புரவு செய்வதைவிட அழுக்காக்குவதே கூட. அந்த வேலைக்கு 12 சென்டிமீற்றரோடு நின்றுவிடும் பிரிஸ்ல்நோஸ் போதும்.

டைகர் பார்ப் நல்ல மீன், ஆனால் தோகை நீண்ட எதையும் விட்டுவைக்காது. ஏஞ்சலின் மீசைபோன்ற செட்டை, கப்பியின் வால், ஃபைட்டரின் தோகை எல்லாம் அதற்கு விளையாட்டுச் சாமான். மூன்று நாலாக வாங்கினால் இன்னும் மோசம். எட்டுப் பத்தாக வைத்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். ஏஞ்சல் குஞ்சில் சாது, எட்டுப் பத்து மாதத்தில் சோடி சேர்ந்ததும் பாதித் தொட்டியைத் தனதாக்கிக்கொள்ளும், வாய்க்குள் போகும் அளவான எதையும் விழுங்கும்.

விடும் முறை

கடற்கரை மணலை அள்ளிப் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கைப்பிடி மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள், சீறிப் பொங்கினால் சிப்பியும் முருகைக்கல்லும் கலந்த மணல். வன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். மொலித் தொட்டிக்கு ஏழெட்டுத் தடவை நல்ல தண்ணீரில் கழுவிப் போட்டால் பாதகமில்லை. ரஸ்போராவுக்கும் கோரிக்கும் ஆற்று மணல்தான். கூர்மணல் கோரியின் மீசையை அறுத்துவிடும்.

பில்டர் ஓடத் தொடங்கிய அன்றே மீன் விடாதீர்கள். அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் வளர நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பொஞ்ச் ஒன்று கிடைத்தால், அதை உலரவிடாமல் கொண்டுவந்து வைத்தால் பாதி நாள் குறையும். முதலில் மூன்று மொலி அல்லது நான்கு ரஸ்போரா. இரண்டு வாரம் விட்டு அடுத்த கூட்டம். கௌராமி போல இடம் பிடிக்கும் மீனைக் கடைசியில் விடுங்கள். முதலில் வந்தவன் வீட்டுக்காரனாகிவிடுவான்.

பையை 20 நிமிடம் மிதக்கவிட்டபின் ஐந்து நிமிடத்துக்கு அரைக் கோப்பை வீதம் தொட்டித் தண்ணீரைச் சேருங்கள், 40 நிமிடம் வரை. நகரக் கடையில் குழாய்த் தண்ணீர், உங்கள் வீட்டில் கிணறு என்றால் ஒரு மணி நேரம் எடுப்பது நல்லது. மீனை வலையால் எடுத்து விட்டுவிட்டு, பைத் தண்ணீரை வெளியே ஊற்றுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் அந்தத் தண்ணீரோடும் வரும். இடம் இருந்தால் புதிய மீனை இரண்டு வாரம் தனி வாளியில், சிறிய ஸ்பொஞ்ச் பில்டரோடு வைத்துப் பாருங்கள்.

தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் 31 தாண்டினால் மேசை மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் வீசவிடுங்கள், இரண்டு மூன்று பாகை இறங்கும். அப்படி ஆவியாகிப் போகும் தண்ணீருக்குப் பதில் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பும் வன்மையும் மட்டும் தொட்டியில் தங்கித் தங்கிக் கூடும். குறைந்ததை நிரப்ப மழைத் தண்ணீர், வாரம் ஒருமுறை மாற்றும் கால்வாசிக்குக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கரண்ட் போனால் முதலில் திணறுவது ரெயின்போவும் பார்பும்தான். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். அதுவும் இல்லாத வேளையில் கோப்பையால் தண்ணீரை அள்ளி அரை அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

பெரிதாகிவிட்ட சக்கர் மீனையும் நைஃப் பிஷ்ஷையும் வாவியிலோ வயல் வாய்க்காலிலோ விடாதீர்கள். இரண்டும் ஏற்கெனவே நாட்டின் நீர்நிலைகளில் பரவி மீனவரின் வலையில் சிக்குகின்றன. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் தராவிட்டாலும் மாற்றி இரண்டு பிளட்டி தருவார்கள்.