டெலஸ்கோப்பை அப்புறம் வாங்கலாம்

வானியல் படிக்க ஆசை என்று சொல்லும் பிள்ளைகள் முதலில் கேட்பது எந்த டெலஸ்கோப் வாங்கலாம் என்றுதான். நானும் காலேஜ் முதல் வருடத்தில் அதைத்தான் செய்தேன். பெட்டியில் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த 60 மி.மீ. டெலஸ்கோப்பை ஆன்லைனில் வாங்கி மொட்டைமாடியில் நிறுத்தினால், கடல்காற்றுக்கே ஸ்டாண்டு ஆடுகிறது, வியாழன் கலங்கிப்போன சோடியம் விளக்கு மாதிரி தெரிகிறது. அந்த 525 பொய்யில்லை. பெரிய லென்ஸின் 700 மி.மீ. குவியத் தூரத்தை 4 மி.மீ. ஐபீஸால் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) வகுத்து, உருவத்தை இன்னும் மூன்று மடங்கு பெரிதாக்கும் பார்லோ என்ற துணை லென்ஸால் பெருக்கினால் வருகிற கணக்குதான் அது. ஆனால் 60 மி.மீ. லென்ஸ் தாங்குவது, விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 120 வரைதான். அதற்குமேல் போனால் மங்கலைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறோம்.

காசு இருந்தால் 10x50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், லென்ஸ் 50 மி.மீ.) போதும். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனின் நான்கு நிலாக்களும் தெரியும். சூரியன் பக்கம் மட்டும் அதைத் திருப்பவே கூடாது.

அடுத்த தப்பு, ஐரோப்பா, அமெரிக்காவுக்குப் போட்ட வான வரைபடத்தை வைத்துக்கொண்டு சென்னையில் தேடுவது. துருவ நட்சத்திரம் அங்கே நல்ல உயரத்தில் நிற்கும். நாம் இருப்பது 13 டிகிரி அட்சரேகை, அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனைதான் துருவ நட்சத்திரத்தின் உயரமும், அதனால் நமக்கு அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் சுமார் 10 டிகிரி, அப்படியானால் எதிர்வீட்டு வாட்டர் டேங்க்கே அதை மறைத்துவிடும். தெற்கே திரும்புங்கள், நம் சொத்து அங்கேதான் இருக்கிறது. பிப்ரவரி முன்னிரவில் கனோபஸ், அதாவது நம் அகத்திய நட்சத்திரம். மே மாதம் ஒன்பது மணி வாக்கில் தென்சிலுவை. லண்டன்காரருக்கு இரண்டும் உதிப்பதே இல்லை.

ஜோதிடத்தில் நம்பிக்கையில்லை என்பதற்காகப் பாட்டி சொல்லும் நட்சத்திரப் பெயர்களையும் தூக்கிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். திருவாதிரைதான் பீட்டல்ஜூஸ், சித்திரைதான் ஸ்பைகா, கேட்டைதான் அன்டாரஸ். பாதி வானம் வீட்டு காலண்டரிலேயே இருக்கிறது!

ஐப்பசி மழையில் ஆரம்பித்துவிட்டு ஒன்றுமே தெரியவில்லை என்று கைவிடாதீர்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பாருங்கள். மாடிக்குப் போனதும் போனை உள்ளே வையுங்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு ‘வானியல்’ என்று பெயர் போட்ட பட்டப்படிப்பை மட்டும் தேடி அலைவதும் வீண். மெரினா எதிரே மாநிலக் கல்லூரியில், பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய விண்மீன் விஞ்ஞானி சந்திரசேகர் படித்தது இயற்பியல்தான். 1930-ல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் வெண்குள்ள விண்மீன்களை (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போனவை) பற்றி அவர் போட்டது கணக்குதான். இப்போதென்றால் கூடவே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் கொஞ்சம் வேண்டும். கணக்கு வராது, நட்சத்திரம் மட்டும் பிடிக்கும் என்றால் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் தப்பில்லை.

கடைசியாக ஒரு தப்பு, பார்த்ததை எழுதி வைக்காமல் விடுவது. 2019 கடைசியில் திருவாதிரை மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரிகிற அளவுக்குப் போனது. பக்கத்து நட்சத்திரமான ரோகிணியோடு ஒப்பிட்டு, தேதி போட்டு இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். அந்த மார்கழி முழுக்க நான் மாடியில்தான் இருந்தேன், நோட்டில் ஒரு வரி இல்லை.