பழைய பிரிட்டிஷ் உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள்: கூட்டிப் பார்க்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் உள்ளாட்சித் தேர்தல் ஆவணம் ஒன்று கையில் கிடைத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, வாக்குகளைக் கூட்டிச் சதவீதம் போடுவது. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். அந்த வாக்குகள் எந்தச் சட்டப்படி விழுந்தன என்று பார்க்காமல் கூட்டினால், கணக்கு சரியாக இருந்தும் விடை தப்பாகத்தான் வரும்.

1870-இல் நடந்த லண்டன் பள்ளி வாரியத் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேரிலபோன் தொகுதியில் எலிசபெத் காரெட் வாங்கியது 47,858 வாக்குகள். உடனே நாற்பத்தேழாயிரம் பேர் அவரை ஆதரித்தார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அங்கே ஏழு இடங்கள், ஆளுக்கு ஏழு வாக்குகள், அந்த ஏழையும் விருப்பப்பட்டால் ஒரே வேட்பாளருக்குப் போடலாம். எல்லாரும் அப்படிப் போட்டிருந்தால் ஏழாயிரத்துக்கும் குறைவான பேரே இந்த எண்ணிக்கைக்குப் போதும். உண்மையான ஆள் கணக்கு இந்த எண்ணில் இல்லவே இல்லை. அவர் பெற்றது பெரிய வெற்றி, அதில் சந்தேகமில்லை. ஆட்களின் எண்ணிக்கையாக மட்டும் அதை எழுதாதீர்கள்.

ஏழைகள் நிவாரணச் சட்டத்தின் கீழ், அந்த நிவாரணத்தை நிர்வகித்த காப்பாளர்களைத் (guardians) தேர்ந்தெடுத்தது இன்னும் மோசம். சொத்து மதிப்பைப் பொறுத்து வாக்கு கூடும். 1844-க்குப் பிறகு உரிமையாளராக ஆறு, குடியிருப்பவராக ஆறு என்று ஒரே ஆள் பன்னிரண்டு வாக்குகள் வரை போட முடிந்தது. 1894-இல்தான் இது ஒழிந்தது. நகராட்சி வார்டுகளில் சிக்கல் சற்றுக் குறைவு, ஆனாலும் இரண்டு இடங்கள் காலியாக இருந்தால் ஒருவர் இரண்டு பேருக்கு வாக்களிக்கலாம், அப்புறம் மொத்த வாக்குகளைப் பார்த்து வாக்களித்தவர்கள் எத்தனை பேர் என்று எப்படிச் சொல்வது?

வாக்காளர்கள் அனைவரும் ஆண்கள் என்று எழுதுவதும் தவறு. 1869 முதல் வரி செலுத்திய, மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் நகராட்சித் தேர்தலில் வாக்களித்தார்கள். பெண்கள் இடம்பெறாத நாடாளுமன்ற வாக்காளர் பட்டியலை வைத்து நகராட்சி வாக்காளர்களைக் கணக்கிட்டால் இவர்கள் அத்தனை பேரும் காணாமல் போவார்கள்.

யார் யாருக்கு வாக்களித்தார் என்ற தகவலை எல்லா ஆண்டுக்கும் தேடாதீர்கள். 1835 சட்டப்படி வாக்காளர் தான் ஆதரிப்பவர்களின் பெயர்களோடு தன் கையெழுத்தும் இட்ட தாளைத்தான் நகராட்சித் தேர்தலில் கொடுத்தார். 1872-இல் ரகசிய வாக்குமுறை வந்ததோடு அது முடிந்தது.

எண் இல்லாத இடத்தில் பூஜ்யம் போடுவது ரொம்பப் பரவலான பழக்கம். பெரும்பாலும் அங்கே போட்டியே இருந்திருக்காது. ஒருவர் போட்டியின்றித் தேர்வாகியிருப்பார். அதைத் தனிக் குறியீட்டோடு பதியுங்கள். பக்கம் கிழிந்துபோனதால் எண் இல்லை என்றால் அதற்கு வேறொரு குறியீடு.

செய்தித்தாளில் வரும் கட்சி அடையாளத்தையும் ஒரே இதழை நம்பி எடுக்க வேண்டாம், எதிர்த்தரப்புப் பத்திரிகை அதே ஆளைச் சுயேச்சை என்று போட்டிருக்கலாம். வார்டு பெயர் மாறவில்லை என்பதற்காக எல்லையும் மாறவில்லை என்று நினைக்காதீர்கள்.

கடைசியாக, ஆல்டர்மேன்கள். நகர்மன்றத்தில் நான்கில் ஒரு பங்கு இவர்கள். இவர்களைத் தேர்ந்தெடுத்தது மன்ற உறுப்பினர்களே, மக்கள் இல்லை, பதவிக்காலமும் ஆறு ஆண்டுகள். அதனால் தேர்தலில் தோற்ற கட்சி மன்றத்தில் பெரும்பான்மையோடு நீடித்திருந்தால் உங்கள் பதிவில் பிழை என்று பதறி எண்களைத் திருத்தாமல், மன்றக் கூட்டக் குறிப்பேட்டில் ஆல்டர்மேன்களின் பெயர்களைத் தேடுங்கள்.