கொலை வழக்குச் செய்தியை ஏமாறாமல் படிப்பது எப்படி?

ஒரு கொலை வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட ஆரம்பித்துவிட்டால் மூன்றாவது நாளே நமக்கெல்லாம் கொலையாளி யார் என்று தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்தான் முழிப்போம். அடுத்த பெரிய வழக்கு வருவதற்குள் நொய்டா ஆருஷி வழக்கை வைத்துக் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம். பழைய வழக்கு என்பதுதான் இதில் வசதி. அன்றைக்கு அடித்துச் சொன்னதெல்லாம் பிறகு என்ன ஆனது என்று இன்றைக்கு நிதானமாகச் சரிபார்க்க முடியும்.

முதல் வேலை, ஒரு தாளில் தேதிகளை எழுதி, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் "இன்றைய கொலையாளி" யார் என்று குறிப்பது. 2008 மே 16 காலை, பல் மருத்துவர்களான ராஜேஷ், நூபுர் தல்வாரின் 13 வயது மகள் ஆருஷி தன் அறையில் கொலையுண்டு கிடந்தாள். அந்த வீட்டில் வேலை பார்த்த நேபாளக்காரர் ஹேம்ராஜைக் காணவில்லை, ஆகவே அன்றைய கொலையாளி ஹேம்ராஜ். மறுநாள் அதே கட்டடத்தின் மொட்டைமாடியில் அவருடைய உடலே கிடைத்தது. மே 23 அன்று தந்தை கைது. அப்புறம் வழக்கு சிபிஐ கைக்குப் போய், பணியாட்கள் மூன்று பேர் மேல் சந்தேகம் திரும்பி, ஜூலையில் தந்தைக்கு ஜாமீன் கிடைத்தது. 2009இல் சிபிஐயில் வேறு குழு வந்தது, பார்வை மறுபடி பெற்றோர் பக்கம் போனது. 2010 டிசம்பரில் போதிய ஆதாரமில்லை, வழக்கை முடித்துவிடலாம் என்று அறிக்கை. நீதிமன்றம் அதை ஏற்காமல் பெற்றோரை விசாரணைக்கு அழைத்தது. 2013 நவம்பரில் இருவருக்கும் ஆயுள் தண்டனை, 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் விடுதலை.

தாளை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். வேலையாட்கள் மேல் சந்தேகம் இருந்தவரை ஆயுதம் குக்ரி என்னும் நேபாள வளைகத்தி, பெற்றோர் மேல் திரும்பியதும் கோல்ஃப் மட்டை. ஆள் மாறினால் ஆயுதமும் மாறியது. மாறாமல் இருந்தது டிவியில் பேசியவர்களின் தன்னம்பிக்கை ஒன்றுதான்.

அடுத்து, எந்த வரியைப் படித்தாலும் இதை யார் சொன்னது என்று தேடுங்கள். "போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன", "விசாரணையில் தெரியவந்துள்ளது" என்றெல்லாம் வந்தால், பெயர் சொல்ல விரும்பாத ஒரு அதிகாரி, வழக்கில் ஒரு தரப்பு, நிருபரிடம் பேசியிருக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரோடு பேசினாலும் அதே எச்சரிக்கை வேண்டும். தந்தையைக் கைது செய்த அன்று உயர் அதிகாரி ஒருவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, மகளையும் ஹேம்ராஜையும் சேர்த்துப் பேசி, அதுதான் கொலைக்குக் காரணம் என்று விளக்கினார். அதே கூட்டத்தில் ஆருஷியின் பெயரை ஸ்ருதி என்று மாற்றிச் சொன்னார். இறந்த பிள்ளையின் பெயரே சரியாகத் தெரியாதவருக்கு அவள் நடத்தை மட்டும் எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வி எடுபடவில்லை, அந்தக் கதை மட்டும் வருடக்கணக்கில் ஊர் ஊராய்ச் சுற்றியது. போலீஸ் பத்திரிகையாளர்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று வழிமுறை வகுக்கும்படி 2023இல் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்குச் சொன்னது சும்மா இல்லை.

"பரபரப்பு வாக்குமூலம்" என்று தலைப்பு வந்தால் இன்னும் உஷாராகுங்கள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்கு ஆதாரமாக நம் சாட்சியச் சட்டம் ஏற்பதில்லை. அதன் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அது சம்பந்தமான பகுதி மட்டும் செல்லும். உண்மை கண்டறியும் சோதனையும் அப்படியே. மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ சோதனையை ஒருவரின் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது, சம்மதத்தோடு செய்தாலும் அதில் அவர் சொன்னது நேரடி ஆதாரம் ஆகாது என்று 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆருஷி வழக்கில் பணியாட்களுக்குச் சோதனை நடந்தது அதற்கு முன், 2008இல். மயக்கத்தில் அவர்கள் சொன்னதாக வந்ததை வைத்தே அவர்களைக் குற்றவாளிகளாக முடிவு கட்டியவர்கள் ஏராளம். அந்த மூன்று பேர் மேல் கடைசிவரை குற்றப்பத்திரிகையே தாக்கலாகவில்லை.

பேசப்படாத பொருள் எது என்றும் தேடுங்கள். இந்த வழக்கில் எனக்கு அது ஒரு தலையணை உறை. பணியாளர் ஒருவரின் அறையில் எடுத்த உறையில் ஹேம்ராஜின் டிஎன்ஏ இருந்ததாக ஹைதராபாத் ஆய்வகத்தின் 2008 அறிக்கை சொன்னது. உண்மையென்றால் வழக்கின் திசையே மாறியிருக்கும். 2011இல் இதைப் பெற்றோர் தரப்பு எழுப்பியபோது, அது ஹேம்ராஜின் சொந்தத் தலையணை உறை, இரண்டு உறைகளின் விவரமும் இடம் மாறிவிட்டது, தட்டச்சுப் பிழை என்று சிபிஐ சொன்னது. பிழையா இல்லையா என்று மணிக்கணக்கில் விவாதம் நடத்தியிருக்க வேண்டிய விஷயம் இது. ஆனால் பொதுமக்கள் மனதில் கோல்ஃப் மட்டை பதிந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இந்த உறை பதியவில்லை.

அழுகையை எடை போடாதீர்கள். தாய் டிவி பேட்டியில் கண்ணீர் விடவில்லை என்பதையே ஒரு ஆதாரம் மாதிரி பேசினார்கள். அழுதிருந்தால் நடிப்பு என்றிருப்பார்கள், வேறென்ன.

தலைப்பில் "பகீர்", "கொடூர", "நாடகமாடிய" என்று வருவதையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். பாதிச் செய்தி காணாமல் போனால், அங்கே தகவல் இருந்ததே அவ்வளவுதான். ஜாமீனை விடுதலை என்று நினைத்துக் கொதிக்க வேண்டாம், கைதைத் தண்டனை என்று நினைத்துக் கைதட்டவும் வேண்டாம். பாலியல் வன்கொடுமை சம்பந்தப்பட்ட வழக்கென்றால் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ படத்தையோ ஃபார்வர்ட் செய்வதே குற்றம், அதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, தீர்ப்பையே படியுங்கள். நீதிமன்ற இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும், ஆங்கிலம் கொஞ்சம் படுத்தும், பரவாயில்லை. நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கில், சந்தர்ப்ப சாட்சியங்கள் அறுபடாத சங்கிலியாக இருக்க வேண்டும், வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் தரக்கூடாது என்று 1984இலேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. 2017 தீர்ப்பை அந்தக் கண்ணோடு படித்தால், எந்தக் கண்ணியில் சங்கிலி விட்டுப்போனது என்று நீதிபதிகள் ஒவ்வொன்றாகக் காட்டியிருப்பது புரியும். சிதறிக் கிடந்த தகவல்களைச் சினிமா இயக்குநர் மாதிரி கோத்துவிட்டதாக, 2013இல் தண்டனை கொடுத்த விசாரணை நீதிபதியையே அதில் கண்டித்திருக்கிறார்கள். 2013 தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. முதலில் எழுதிய அந்தத் தேதித் தாளையும் எடுத்துக்கொண்டு, டிவி தினமும் பேசிய விஷயங்களில் எத்தனை இரண்டு தீர்ப்புகளிலும் ஆதாரமாக நின்றிருக்கின்றன என்று டிக் அடித்துப் பாருங்கள்.